ஹாம் நகரத்துப் பல்லிச் சந்தை

ஜெர்மனியின் மேற்கே ஹாம் என்றொரு நடுத்தர நகரம். வருடத்தில் நான்கு சனிக்கிழமைகள் மட்டும் அங்கே கூட்டம் அலைமோதும். 'டெராரிஸ்டிகா' என்ற சந்தைக்காகப் பல்லி, பாம்பு, ஆமை வளர்ப்பவர்கள் பல நாடுகளிலிருந்து வந்து குவிவார்கள்.

மேஜை மேஜையாகப் பிளாஸ்டிக் டப்பாக்கள். பார்த்தால் இனிப்பு வாங்கிவரும் டப்பா மாதிரியே இருக்கும். உள்ளே இருப்பதுதான் வேறு! இங்கே செல்லப்பிள்ளை 'லெப்பர்ட் கெக்கோ' எனப்படும் சிறுத்தைப் பல்லி.

இதன் பூர்வீகம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட கல் பூமி. கல்கத்தா அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த எட்வர்ட் பிளைத், பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில் கிடைத்த பல்லியை வைத்து 1854-ல் இதற்குப் பெயரிட்டார். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள். விரல்களில் ஒட்டும் பட்டை இல்லாததால் சுவரேறத் தெரியாது. ஆனால், நம் வீட்டுப் பல்லிக்கு இல்லாத இமை இதற்கு உண்டு. கண்ணை மூடித் தூங்கும். இரை கிடைக்காத நாட்களில் தடித்த வாலில் சேர்த்துவைத்த கொழுப்புதான் சாப்பாடு. நன்றாக வளர்த்தால் 15, 20 வருடம் கூடவே இருக்கும்.

சந்தைக்கு வருபவர்களின் கண் தேடுவதோ நிறத்தை. ஆரஞ்சில் ஜொலிப்பது 'டேன்ஜரின்'. புள்ளியே இல்லாமல் வெளிறியிருப்பது 'பிளிஸார்ட்'. அல்பினோவில் மட்டுமே டிரெம்பர், பெல், ரெயின்வாட்டர் என்று மூன்று வம்சம். ஒரு வம்சத்தை இன்னொன்றோடு சேர்த்தால் அல்பினோ பிறக்காது, சாதாரணக் குட்டிதான் பிறக்கும் என்பது வேடிக்கை.

வேடிக்கை அதோடு முடிகிறது. 'எனிக்மா' என்ற அழகிய ரகத்தில் பல பல்லிகள் தலை சாய்ந்து, நின்ற இடத்திலேயே சுற்றும். இரையைக் கவ்வப் போனால் குறி தவறும். 'லெமன் ஃப்ரோஸ்ட்' கதை இன்னும் மோசம். எலுமிச்சை மஞ்சளும் வெள்ளையுமாகப் பளபளத்த இந்த ரகத்துக்கு ஏக கிராக்கி இருந்தது. பிறகு உடம்பில் வெள்ளைக் கட்டிகள் கிளம்பின. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகளின் ஆய்வு 2021-ல் வெளியானது. நூற்றுக்கு 80-க்கும் அதிகமான லெமன் ஃப்ரோஸ்ட்டுகளுக்குத் தோல் கட்டி வந்திருந்தது. காரணம், ஒரே ஒரு மரபணுக் கோளாறு. ஒளியைப் பிரதிபலிக்கும் செல்கள் பெருகினால் பளபளப்பு. கட்டுக்கடங்காமல் பெருகினால் கட்டி. காசு கொடுத்து வாங்கிய அழகே நோய்தான்!

விவரமறிந்தவர்கள் இப்போது டப்பாவின் முன் குனிந்து, தலை நேராக நிற்கிறதா, வால் தடிப்பாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை கேட்கிறார்கள். பக்கத்து மேஜையில், யாரும் அதிகம் விசாரிக்காத ஒரு கறுப்புப் புள்ளிக்காரன் இமை மூடித் தூங்கிக்கொண்டிருப்பான்.