அறுபதில் நின்ற கார்

ஓய்வுபெற்ற மனிதனை வீட்டில் இருப்பவர்கள் ஒரு பிரச்னையாகத்தான் பார்க்கிறார்கள். 34 வருடங்கள் வங்கியில் பிறர் கணக்கைச் சரிபார்த்தவன், இனி சமையலறைக்கு வந்து எண்ணெய்க் கணக்குக் கேட்பானோ என்ற பயம். நாக்பூரில் எங்கள் வீட்டிலும் அந்தப் பயம் இருந்தது. அதற்கு மருந்து கொண்டுவந்தவன் என் அக்கா மகன். புனேயில் கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஜினீயர். தீபாவளிக்கு வந்தவன் தன் பழைய கம்ப்யூட்டரையும், ஒரு ஸ்டியரிங்கையும், மூன்று பெடல்களையும் என் மேஜையில் பொருத்திவிட்டு, "அத்தை, இனிமே மாமா உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டார்" என்று அறிவித்தான்.

விளையாட்டின் பெயர் பீம்என்ஜி டிரைவ். ஜெர்மனியின் ப்ரெமன் நகரத்துக் கம்பெனி ஒன்று உருவாக்கியது. 2013-ல் முதன்முதலாக வெளிவந்தது. இன்னும் முடிக்கப்படாத விளையாட்டு என்று சொல்லியே 2015-ல் ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்க ஆரம்பித்தார்கள். அதன்பின் வண்டிகளும் சாலைகளும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

"இதில் எப்படி ஜெயிக்கிறது?" என்று கேட்டேன். என் தலைமுறைக்கு வேறு கேள்வி தெரியாது.

"ஜெயிக்க ஒண்ணும் இல்லை மாமா. பந்தயம் வேணும்னா அது தனியா இருக்கு. இது சும்மா ஓட்டறது. இஷ்டப்பட்ட வண்டி, இஷ்டப்பட்ட ரோடு. முடிவே கிடையாது."

முதல் அரை மணி நேரம் எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. இத்தாலியக் கிராமம் போன்ற ஓர் இடம். மலைச்சரிவில் வளைந்து போகும் சாலை, கீழே கடல். எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்தால் யாரும் பாராட்டப் போவதும் இல்லை. ஆனால் வளைவில் திரும்பும்போது ஸ்டியரிங் கையை எதிர்த்துப் பிடித்தது. சக்கரம் சாலையோர மண்ணில் இறங்கியதும் விரல்கள் வரை அதிர்ந்தது. சற்று நேரத்தில் நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, பிரேக் இருக்கும் திசையில் காலைத் தயாராக வைத்திருந்தேன். உடம்பு ஏமாந்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

ஏமாற்றும் வித்தையை மருமகன் விளக்கினான். மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலும் கார் என்பது ஒரே கட்டி. மோதினால் முன்கூட்டியே வரைந்து வைத்த நசுங்கல் தெரியும். இதில் ஒவ்வொரு வண்டியும் எடையுள்ள புள்ளிகளாலும், அவற்றை இணைக்கும் வளையக்கூடிய கம்பிகளாலும் ஆனது. கயிற்றுக் கட்டிலின் ஒரு மூலையில் உட்கார்ந்தால் கட்டில் முழுவதும் கயிறு இழுபடுமே, அதுபோல. ஒரு புள்ளியில் அடி விழுந்தால் அது பக்கத்துக் கம்பியை இழுக்க, அது அடுத்ததை இழுக்க, கடைசியில் கதவு திறக்காமல் போகிறது, அல்லது ரேடியேட்டர் ஒழுகி இன்ஜின் சூடாகிறது. கம்ப்யூட்டர் இந்தக் கணக்கை ஒரு விநாடிக்கு 2,000 தடவை போடுகிறது. அதனால் ஒரு விபத்தைப் போல இன்னொன்று அமைவதில்லை.

வண்டிகளின் பெயர்கள் எல்லாம் கற்பனை. இபிஷு என்ற ஜப்பானியப் பெயர், கேவ்ரில் என்ற அமெரிக்கப் பெயர். இபிஷுவில் பிஜன் என்று மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஒன்று இருக்கிறது. நம் ஊர்ச் சந்தைகளில் வெங்காய மூட்டை ஏற்றிப் போகும் வண்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் போதும், களைத்துப்போன எருமை மாதிரி பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். என் மனைவி வந்து எட்டிப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் போனாள். கவிழ்ந்த வண்டியைச் சரிசெய்ய மெக்கானிக் வேண்டாம். ஒரு விசையைத் தட்டினால் ஒரு கீறல் இல்லாமல் வண்டி திரும்ப நிற்கிறது.

அந்த விசையைத்தான் நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் அன்றே கவனித்தேன். கேமராவைத் திருப்பிக் காருக்குள் பார்த்தால் டிரைவர் இடத்தில் யாரும் இல்லை. ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது. பக்கத்து இருக்கை காலி. பின் இருக்கையும் காலி.

2009 ஜனவரி கடைசியில் ஒரு கல்யாணத்துக்காக ஹைதராபாத் போய்விட்டு, நானும் அக்காவும் என் சின்னக் காரில் நாக்பூர் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏறத்தாழ 500 கிலோமீட்டர். மறுநாள் காலை எனக்கு வங்கியில் ஆடிட். அக்கா பின் இருக்கையில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். முன்னால் உட்கார்ந்தால் உன் வேகம் தெரிகிறது, பயமாக இருக்கிறது என்பது அவள் சொன்ன காரணம். ஆதிலாபாத்தைத் தாண்டி, பென்கங்கா ஆற்றுப் பாலத்துக்கு முன்னால், இரவு பதினொரு மணிக்கு, பழுதாகி நின்ற ஒரு லாரியின் பின்பக்கம் மோதினேன். கடைசி நொடியில் வலப்பக்கம் ஒடித்ததால் காரின் இடப்பக்கம்தான் நசுங்கியது. எனக்கு நெற்றியில் நாலு தையல். பெல்ட் போடாத அக்கா முன் இருக்கையின் மேல் வீசப்பட்டாள். இடுப்பெலும்பும் வலது தொடை எலும்பும் முறிந்தன. நாளெல்லாம் நின்று பாடம் நடத்திய டீச்சர். வேலையை விட்டாள். இன்றும் கைத்தடியோடுதான் நடக்கிறாள்.

இதை இதுவரை நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். எல்லோரிடமும் ஒரே வாக்கியம்: "அந்த லாரியில் சிவப்பு விளக்கு எரியவில்லை." போலீஸிடமும் அதையே எழுதிக் கொடுத்தேன். பிறகு வேறு காரணங்களும் கிடைத்தன. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவைத்துச் சோதித்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். அந்தச் செய்தியை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன். நம் ஊர்க் கார்களின் தகரம் அப்படி, நான் என்ன செய்வேன்?

மருமகன் புனே திரும்பிய மூன்றாம் நாள், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, அந்த விளையாட்டில் நேரத்தை இரவாக மாற்றினேன். அதற்கு வசதி இருக்கிறது. நேரான ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்தேன். கேவ்ரில் லாரி ஒன்றை ஓரமாக, பாதி சாலையில் இருக்கும்படி நிறுத்தி, விளக்கை அணைத்தேன். என் பழைய காரின் அளவில் ஒரு சின்னக் காரை எடுத்துக்கொண்டேன். கை நடுங்கியது என்று சொல்வதில் வெட்கமில்லை.

அன்று ஓட்டிய அதே வேகம், 80. ஹெட்லைட் வெளிச்சத்தில் லாரியின் பின்பக்கம் தெரிந்த கணத்தில் பிரேக்கை மிதித்தேன். மோதினேன். விசையைத் தட்டினேன். மறுபடி 80. மறுபடி மோதினேன். லாரி அங்கே நிற்கிறது என்று தெரிந்து, எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தும் ஒவ்வொரு தடவையும் மோதினேன். எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. பார், யார் ஓட்டியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். விளக்கில்லாத லாரி!

அத்தோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் வங்கிக்காரனின் புத்தி, ஒரு பக்கம் பார்த்துவிட்டுப் பேரேட்டை மூட விடாது. 60-ல் ஓட்டினேன். அதே லாரி, அதே இருட்டு, அதே ஹெட்லைட். கார் முனகிக்கொண்டு லாரிக்குச் சற்று முன்னால் நின்றது. விசையைத் தட்ட வேண்டியிருக்கவில்லை.

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 60-லிருந்து 80-க்குப் போனால் கூடும் வேகம் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் மோதலின் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், அது முக்கால் பங்குக்கு மேல் அதிகமாகிறது. பிரேக்கை மிதிக்கும் முன் கார் ஓடிவிடும் தூரமும் சேர்ந்துகொள்கிறது. விளைவு: 60-ல் வந்த கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தில், 80-ல் வந்த கார் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். கூட்டு வட்டியைக் கரைத்துக் குடித்தவனுக்கு இந்தக் கணக்கு 16 வருடங்களுக்கும் மேலாகத் தோன்றவில்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டேன் என்பதே சரி.

2022-ல் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் 100-க்கு 71 மரணங்களுக்குக் காரணமாக எழுதப்பட்டிருப்பது அதிவேகம். அதைப் படிக்கும்போதெல்லாம் தறிகெட்டு ஓட்டும் இளைஞர்களைத்தான் நினைத்துக்கொள்வேன். ஆடிட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று 80-ல் போகும் ஒழுக்கமான வங்கி அதிகாரி அந்த 71-ல் வருவான் என்று நினைத்ததில்லை.

அன்று இரவு கம்ப்யூட்டரை அணைத்தபின் இன்னொரு விஷயமும் மேலே வந்தது. அந்த லாரிக்காரர் விளக்கு வைக்கவில்லைதான். ஆனால் லாரிக்குப் பின்னால் சாலையில் ஒரு மரக்கிளையை வெட்டிப் போட்டிருந்தார். நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் பழுதாகி நிற்கும் வண்டிக்காரர் காட்டும் அபாயச் சின்னம் அதுதான். அந்தக் கிளை என் காரின் அடியில் சரசரத்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. போலீஸுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் கிளை இல்லை. அக்காவைக் காரிலிருந்து வெளியே தூக்கியவர் அந்த டிரைவர். சாலையின் நடுவில் நின்று கையை ஆட்டி ஒரு ஜீப்பை மறித்தவரும் அவரே. அவர் மேல் வழக்கு பதிவானது. அது என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் பணம் வந்துவிட்டது.

மறுநாள் மாலை தரம்பேட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்து கொஞ்சம் ஆய்ந்துகொடுத்தேன். பிறகு சொன்னேன். விளையாட்டைப் பற்றி, லாரியை நிறுத்தியதைப் பற்றி, 80-ஐயும் 60-ஐயும் பற்றி.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அறுபதுல நின்னுதா?"

"நின்னுது."

"நான் சொன்னேனேடா, மெதுவாப் போன்னு. ரெண்டு தடவை சொன்னேன்."

சொன்னாள். அதையும் நான் வாக்குமூலத்தில் எழுதவில்லை.

"கிளையை நீ பார்த்தியா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன். நீயும்தான் பார்த்திருப்பே." கொஞ்ச நேரம் கழித்து, "ஆஸ்பத்திரியில போலீஸ்காரர் வந்து கேட்டப்போ, நான் தூங்கிட்டிருந்தேன்னு சொல்லிட்டேன். உன் வேலைக்கு ஏதாவது வந்துடுமோன்னு பயம்" என்றாள்.

இத்தனை வருடமும் நான் மட்டுமே சுமக்கிறேன் என்று நினைத்த பொய்யின் மறுபக்கத்தை, முறிந்த எலும்போடு படுத்துக்கொண்டு அவளும் பிடித்திருந்தாள். எனக்குப் பேச்சு வரவில்லை. அவளோ கீரைக் காம்புகளைப் பேப்பரில் சுருட்டி என் கையில் கொடுத்து, குப்பையில் போடச் சொன்னாள். பிறகு, "அந்த லாரிக்காரன் நல்லவன்டா. என் தலைக்கடியில தன் போர்வையை மடிச்சு வெச்சான்" என்றாள்.

போன வாரம் பழைய பீரோவிலிருந்து வழக்கின் காகிதங்களைத் தேடி எடுத்தேன். டிரைவரின் பெயரும் ஊரும் மங்கலாக இருக்கின்றன, ஆனால் படிக்க முடிகிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று மனைவி கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை. முதல் வரியில் மரக்கிளையைப் பற்றி எழுத வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

விளையாட்டு இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. இரவுச் சாலையில் லாரியை நிறுத்தும் சோதனையை மறுபடி செய்யவில்லை. மாலை வேளைகளில் அந்த மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு இத்தாலிய மலையில் மெதுவாகப் போகிறேன். இப்போதெல்லாம் அது கவிழ்வதில்லை. சென்ற ஞாயிறு அக்காவை உண்மையான காரில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பின் இருக்கையில் ஏறியவள், நான் சொல்லும் முன்பே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். பிறகு கைத்தடியால் என் இருக்கையை லேசாகத் தட்டி, "போலாம். அறுபதுக்கு மேல வேண்டாம்" என்றாள்.

ஊருக்குள் நாற்பதைத் தாண்டவில்லை.