பூச்சி மாத்திரை

பூச்சி மாத்திரை கொடுக்கிற நாளில் தரம் நான்கின் வாசலில் நின்று, "நாக்கத் தூக்கு, நாக்கத் தூக்கு" என்று சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிவிடும். மெபண்டசோல் 500 மில்லிகிராம், ஒன்றே ஒன்று. சப்பித் தின்றால் போதும். ஆனாலும் சில பயல்கள் அதை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு, வாயைப் பெரிதாகத் திறந்து காட்டுவார்கள்.

அப்பாயி சொன்ன மருந்து வேறு. தன் தாய் குடித்ததாம். காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்திப் பேதி உப்பு கொடுத்து, பிறகு குடலைப் புரட்டும் ஓர் எண்ணெயும் கொடுப்பார்களாம். அது கெனோபோடியம் எண்ணெய் என்று பிற்காலத்தில் வாசித்தேன். 1916இல் அமெரிக்க ராக்ஃபெல்லர் மன்றத்தார் இலங்கையில் நம் தேயிலைத் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். மருந்து வேலை செய்தது, புழு செத்தது. ஆனால் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் கக்கூஸ் இல்லை, காலில் செருப்பில்லை. அந்தப் புழு மண்ணிலிருந்து பாதத்தோல் வழியாக ஏறுவது. குணமானவர்கள் அதே மண்ணை மிதித்துத் திரும்பவும் வாங்கிக்கொண்டார்கள். மருந்து கப்பலேறி வந்த வேகத்தில் கக்கூஸ் வரவில்லை.

சுற்றாடல் பாடத்தில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவும் படத்தை ஒட்டினேன். கடைசி வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "சேர், தண்ணி பீலியிலதானே இருக்கு. கழுவிட்டு லயத்துக்கு வர்றதுக்குள்ள கை திரும்ப அழுக்காகிருமே?" படம் அச்சடித்தவர்கள் பீலிக்கரையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கள் பீ.எச்.ஐ ஐயாவோடு டாக்டர் வரும் நாள் எங்களுக்குத் திருவிழா மாதிரி. தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குத்தான் பரிசோதனை. உயரம், நிறை, பல், கண். 2016 சனத்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் நூற்றுக்கு 31.7 பேர் வயதுக்கேற்ற வளர்த்தியில்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17.3. நாங்கள் சுவரோடு நிறுத்தி உயரம் பார்ப்பதற்கு முன்பே, தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவிலேயே கதை முடிந்துவிடுகிறது.

கண் கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்த துண்டொன்று மாதக்கணக்கில் பையிலேயே கிடந்து நைந்தது. தாயைக் கூப்பிட்டுக் கேட்டால், "பேர் போயிருமே சேர்." அன்றைய சம்பளம் போய்விடும் என்று அர்த்தம். இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரியை 2017இல் மோடி வந்து டிக்கோயாவில் திறந்துவைத்தார், நல்ல காரியம். ஆனால் கிளினிக் நடக்கிற நாளில்தான் கொழுந்தும் எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிளினிக் வைத்தால் பாதித் துண்டுகளாவது போய்ச் சேரும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னேன்.

பூச்சிக்கு விட்ட இரத்தத்தை ஈடுகட்ட, வாரத்துக்கொரு இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. காலையில் ரொட்டித் துண்டைத் தின்று, வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வருகிற பிள்ளைகள். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரையைப் பகல் சோற்றுக்குப் பின்னால் தள்ளினோம். தேத்தண்ணிக்கும் மாத்திரைக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடச் சொல்லி, வீட்டிலும் சொல்லச் சொன்னேன். நான் படிப்பித்ததில் லயம்வரை போன பாடம் இதுதான். ஒரு தாய் என்னைக் கடைவீதியில் மறித்து, "நாங்க எடுக்குற கொழுந்த நாங்களே குடிக்கக் கூடாதாமே, அப்படியா சேர்?" என்றாள். குடிக்கலாம், ஒரு மணித்தியாலம் கழித்து என்றேன். அந்த நேரத்தில் நான் மலையில் நிற்பேன் என்றாள்.