ஆளையே காணோம்

ஜனவரி 6, செவ்வாய்

செருப்பு அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஷூவை எடுத்தேன். இடது ஷூவுக்குள் சாக்ஸ் சுருண்டு கிடந்தது, கடைசியாகக் கழற்றிப் போட்டபடியே. உதறினால் ஆகஸ்ட் மாதத்து மண் உதிர்கிறது.

இந்த நோட்டிலாவது பொய் வேண்டாம். ஆகஸ்டில் காய்ச்சல் வந்தது. நாலு நாள். அப்புறம் காலாண்டுத் தேர்வு, மழை, தீபாவளி, அரையாண்டு என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒரு பட்டியலை ஒப்பித்தேன். அரையாண்டு விடுமுறை முழுக்க வீட்டில்தானே கிடந்தேன்? விஷயம் வேறு. பத்து நாள் நடக்கப் போகாமல் விட்டதும் தெப்பக்குளத்து ஆட்களைப் பார்க்க வெட்கமாகிவிட்டது. "என்ன டீச்சர், ஆளையே காணோம்?" என்று யாராவது கேட்டுவைப்பார்களே! அதற்குப் பயந்து, பள்ளிக்கூடத்துக்கே குளத்தின் பக்கம் போகாமல் சந்து சந்தாகச் சுற்றிப் போனேன். நடக்காமல் இருப்பதற்காகப் பெட்ரோல் செலவழித்தவள் மதுரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நாளைக்கு ஐந்தேகாலுக்கு அலாரம்.

ஜனவரி 7, புதன்

போய்விட்டேன். மார்கழிப் பனியில் எதிர்க்கரை தெரியவில்லை. பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிய கட்டாந்தரையாக எத்தனையோ வருஷம் கிடந்த குளம் இது. இப்போது பனையூர் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து, மைய மண்டபம் தீவாகவே நிற்கிறது. 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. 1,000 அடிக்கு 950 அடி. வெளியே ஒரு சுற்று வந்தால் ஒன்றேகால் கிலோமீட்டர் தேறும்.

ஆகஸ்டில் எனக்கு நாலு சுற்று. இன்றைக்கும் நாலு போட்டேன். மூன்றாவதில் வாயால் மூச்சு வாங்கியது. நாலாவது வெறும் வீம்பு. அதோடு விட்டேனா? ஐம்பது தோப்புக்கரணம் வேறு. மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் இந்தக் குளம் வெட்டியபோது கிடைத்தவர் என்பார்கள். அதனால் இந்தக் கரையில் எங்கே நின்று போட்டாலும் அவர் கணக்கில் சேரும்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாறு விற்கிற அக்கா, "வாங்க டீச்சர், அருகம்புல்லா, வாழைத்தண்டா?" என்றார், நேற்றும் வந்து குடித்துவிட்டுப் போனவளிடம் கேட்பதுபோல. ஓய்வுபெற்ற பேங்க்காரர் வழக்கம்போல எதிர்ச்சுற்றில் வந்து கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். ஐந்து மாதம் ஒளிந்து திரிந்திருக்கிறேன், ஒருவரும் தேடவே இல்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

ஜனவரி 9, வெள்ளி

நேற்று சமாளித்துவிட்டேன். இன்று தொடை கல்லாகிவிட்டது. மூன்றாம் மாடி ஆய்வகத்துக்கு ஏறுவதுகூடப் பரவாயில்லை. இறங்குவதுதான் நரகம். கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில், நண்டு மாதிரி இறங்கினேன். பின்னால் பன்னிரண்டாம் வகுப்பு மொத்தமும் வரிசையில் காத்திருந்தது.

"லாக்டிக் ஆசிடா மிஸ்?" என்றாள் ஒருத்தி, ரொம்ப அக்கறையாக.

நான் சொல்லிக்கொடுத்ததுதான். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் லாக்டிக் அமிலம் ஓய்ந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து வடிந்துவிடும். இரண்டு நாள் கழித்து வருகிற வலிக்கு அது பொறுப்பில்லை. பழக்கம் விட்டுப்போன தசை, பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளும்போது அதன் நார்களில் நுண்ணிய காயங்கள் விழுகின்றன. அவற்றை ஆற்ற உடம்பு எடுக்கும் முயற்சியில் வருகிற வலி இது. தோப்புக்கரணத்தில் எழுந்ததால் வந்ததை விட உட்கார்ந்ததால் வந்ததே அதிகம். படி இறங்குவதிலும் அதே வேலைதான். இதையெல்லாம் மாடிப்படியில் நின்றே பிள்ளைகளிடம் ஒத்துக்கொண்டேன். நடத்தியதில் இதைவிட நன்றாகப் புரியவைத்த பாடம் சமீபத்தில் இல்லை.

ஜனவரி 13, செவ்வாய்

போகவில்லை. நேற்றும், முந்தாநாளும்.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் முடிந்து வீடு அமைதியாக இருக்கிறது. பழைய குறிப்புகளைப் புரட்டியபோது டல்லாஸ் ஆய்வு கண்ணில் பட்டது. 1966-இல் இருபது வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கவைத்து, உடம்பு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்தும் திறன் எவ்வளவு சரிகிறது என்று அளந்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். முப்பது வருஷ மூப்பு பறித்ததைவிட, அன்றைக்கு அந்த மூன்று வாரப் படுக்கை பறித்ததுதான் அதிகமாம். பிறகு நடை, ஓட்டம், சைக்கிள் என்று சிறிது சிறிதாகக் கூட்டி ஆறு மாதம் பழக்கியதில், ஐம்பது வயதில் அவர்களுடைய திறன் 1966-இல் படுக்குமுன் இருந்த அளவுக்கே வந்துவிட்டது.

எனக்கு 51. வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப இன்னும் ஆறு மாசம் இருக்குல்ல, பொறு" என்று சோபாவில் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த ஐந்து பேரும் முதல் நாளே பழைய அளவைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் போட்டேன். நாலு சுற்று நடந்தவள் ஆகஸ்ட் மாதத்துக்காரி. அவளுக்குப் போட்டியாக நடந்து அவமானப்பட்டு, அதனால்தான் படுத்துவிட்டேன். வலி ஒரு சாக்கு. நாளையிலிருந்து ஒரே சுற்று. தோப்புக்கரணம் ஐந்து. பிள்ளையார் கோபிக்க மாட்டார்.

ஜனவரி 27, செவ்வாய்

ஒன்பது நாள் தொடர்ந்து போயாயிற்று. நேற்றிலிருந்து இரண்டு சுற்று. ஒரு சுற்று நடப்பதில் எரிச்சலான விஷயம், உடம்பு சூடாவதற்குள் முடிந்துவிடுகிறது, இன்னும் கொஞ்சம் போகலாமே என்று கால் கேட்கிறது. கேட்கட்டும் என்று வீட்டுக்கு வந்துவிடுகிறேன். மறுநாள் எழுப்பிவிடுவது அந்த மிச்ச ஆசைதான்.

கரையில் தெப்பத் திருவிழா வேலை தொடங்கிவிட்டது. மூங்கில் வந்து இறங்கியிருக்கிறது.

தெப்பத்தன்று

நடக்க இடமேது. மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் சுற்ற, ஊரே கரையில் நின்று பார்த்தது. நானும் பார்த்தேன்.

ஒரு நாள் விட்டால் எல்லாம் போயிற்றா என்ற பயம் ராத்திரி எட்டிப் பார்த்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து, ஒரு செயல் தானாக நடக்கிற பழக்கமாக எவ்வளவு நாளாகும் என்று கணக்கிட்டார்கள். 18 நாளிலிருந்து 254 நாள் வரை வந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதகம் இல்லை என்றும் கண்டார்கள். நான் 254-ஆம் நாள் கட்சி என்றே வைத்துக்கொள்கிறேன்.

தெப்பத்துக்கு மறுநாள்

கரை முழுக்கச் சோளக்கதிர்த் தண்டு, கரும்புச் சக்கை, வெடித்த பலூன். தூய்மைப் பணியாளர்கள் கிழக்கு மூலையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார்கள். சக்கையில் வழுக்காமல் கால் பார்த்து வைத்து இரண்டு சுற்று. பாத்திரமும் வாளியும் இருக்கும் இடம் காலியாக இருந்தது. அக்கா வரவில்லை.

அதற்கு அடுத்த நாள்

மூன்று சுற்று. தானாக வந்தது, திட்டமில்லை.

அக்கா இருந்தார். டம்ளரை வாங்கும்போதே வாயிலிருந்து வந்துவிட்டது: "நேத்து எங்கிட்டு போனீக? ஆளையே காணோம்?"

"எங்கிட்டும் போகல டீச்சர். திருவிழா அலுப்பு, தூங்கிட்டேன்" என்று வாளிக்குள் கையை விட்டு அடுத்த டம்ளரைக் கழுவத் தொடங்கினார்.