வேலை கேட்கும் கோழிகள்

நாமக்கல் கூண்டுக் கோழிகளைப் பற்றி நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர் போன் செய்தார். "ஆத்தூர்ல எங்க சின்னம்மா கோழிக்கு விளையாட்டுக் காட்டுறாங்க, வந்து பாருங்க." கட்டுச்சேவல் சமாச்சாரம் இல்லையே என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் கிளம்பினேன்.

வசிஷ்ட நதிப் பக்கம் ஓட்டு வீடு. கொல்லையில் கம்பி வலை அடித்த பட்டி. உள்ளே சிறுவிடைக் கோழிகள். முன்பெல்லாம் காடுகரை மேய்ந்து பொழுது சாய அடையத் திரும்பியவை. சேலம்–உளுந்தூர்பேட்டை சாலை அகலமாகி, சுற்றிலும் மனை பிரித்து, தெருநாயும் பெருகிய பிறகு அடைக்க வேண்டியதாகிவிட்டது. அடைத்ததும் ரகளை ஆரம்பம்.

"தீனி வயிறு முட்டக் கெடக்குது கண்ணு. ஆனாலும் ஒண்ணோட வாலடிய இன்னொண்ணு கொத்துது. ரத்தத்தைப் பாத்துட்டா எல்லாம் சேந்துக்குதுங்க. ஒரு பொட்டையக் கொத்தியே கொன்னுபோட்டுச்சுங்க."

பெரிய பண்ணைகளில் இதற்கு வழக்கமான வைத்தியம், குஞ்சிலேயே சூடான தகட்டில் மூக்கு வெட்டுவது. இந்த அம்மாவுக்கு அது ஒப்பவில்லை. "மேயறதுதான் அதுக்குப் பொழப்பு. நாம அடைச்சுட்டோம், வேலையும் நாமதானே குடுக்கணும்?" மரியன் டாக்கின்ஸ் என்ற இங்கிலாந்து ஆய்வாளர் காட்டுக்கோழிகளைக் கவனித்து 1989இல் எழுதியதும் ஏறக்குறைய இதேதான். வேளாவேளைக்குத் தீனி கிடைத்தும், அவை பகலின் பெரும்பகுதியை நிலத்தைக் கொத்துவதிலும் கிளறுவதிலுமே கழித்தன.

பட்டிக்குள் ஒரு மூலையில் சாம்பலும் செம்மண்ணும் கலந்த குழி. அதில் புரண்டு செள்ளை உதறிக்கொள்கின்றன. குறுக்கே மூங்கில் கம்புகள். தலைவாசல் சந்தையில் கழித்துப்போட்ட கோஸ் இலையும் முருங்கைக் கொத்தும் எம்பினால் மட்டும் எட்டுகிற உயரத்தில் தொங்குகின்றன. வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்துக் கணக்கையும் விரிவாகச் சொன்னார். எனக்குப் பாதிதான் பிடிபட்டது, விட்டுவிடுகிறேன்.

என் கண் போனது பழைய மண்பானைகள் மீது. வாய் உடைந்தவை, பொங்கலுக்கு வாங்கி மூலையில் போட்டவை. கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, தேங்காய் நார், மக்கிய சோளத்தட்டு எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, பொழுது சாயும் நேரத்தில் வேலியோரம் கரையான் ஓடுகிற இடமாகப் பார்த்துக் கவிழ்த்து வைக்கிறார். கவிழ்ப்பதற்கு முன் அந்த இடத்து மண்ணைக் கையால் சற்றுக் கீறிவிடுகிறார். விடிந்ததும் பானையைத் தூக்கிப் பட்டிக்குள் கொண்டுவந்து உதறினார். சாக்கு இழைகளுக்குள் வெள்ளை வெள்ளையாகக் கரையான் நெளிந்தது. தாய்க்கோழி கொக்கரித்துக் கூப்பிட, குஞ்சுகள் விழுந்தடித்து வந்தன. தின்று தீர்ந்த பிறகும் பெரிய கோழிகள் அந்தக் குப்பையை விடவில்லை. உச்சி வரை கிளறிக்கொண்டே இருந்தன. ஒன்றுகூட இன்னொன்றின் பக்கம் திரும்பவில்லை. குஞ்சுக்குப் புரதம், பெரிசுக்கு வேலை. காசு செலவு ஒன்றுமில்லை.

வியாபாரி வந்ததும் என் மகிழ்ச்சி போயிற்று. மொபெட்டில் கூடை கட்டியிருந்தார். தராசு கிடையாது. கோழியை இறக்கையோடு பிடித்துத் தூக்கி, நெஞ்சை அமுக்கிப் பார்த்து, உருப்படிக்கு இவ்வளவு என்றார். "வலைக்குள்ள வளந்தது, மேச்சல் கோழி இல்லையேக்கா" என்று அதிலும் ஒரு பகுதியைக் கழித்தார். இதே கோழி சேலம் கடைக்குப் போனதும் 'மேய்ச்சல் நாட்டுக்கோழி' ஆகிவிடும், விலையும் அதற்கேற்ப ஏறிவிடும். இது வியாபாரமா, பகல் கொள்ளையா? முட்டைப் பண்ணையாளர்கள் 1982இல் ஒன்றுகூடி ஒருங்கிணைப்புக் குழு அமைத்துக்கொண்டார்கள். இன்று நாமக்கல் முட்டை விலை நாள்தோறும் பேப்பரில் வருகிறது. கொல்லையில் ஒண்டியாக வளர்க்கும் பெண்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? தீனிக்கடன், பள்ளிக்கூடச் செலவு என்று வீட்டில் அவசரம் வரும் நாளை மோப்பம் பிடித்துத்தான் கூடை வருகிறது. பானை கவிழ்த்து, கீரை கட்டி, நாயை விரட்டிய உழைப்புக்கு அந்த விலையில் ஒரு பைசாகூட இல்லை.

ஆத்தூர், தலைவாசல் பக்கம் போகிறவர்கள் கோழி வேண்டுமென்றால் வீட்டு வாசலிலேயே கேளுங்கள். கையோடு ஒரு தொங்கு தராசு கொண்டுபோங்கள். எடைபோட்டுக் கிலோ விலை என்னவென்று வளர்த்தவரையே சொல்லச் சொல்லுங்கள்.