பெற்றவளைக் கேட்டு எழுதுங்கள்

சிறப்புக் கவனம் தேவைப்படும் ஒரு பிள்ளையை மதிப்பிட உட்காருகிறவர், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையைப் பார்க்கிறார். பெற்றவள் அவன் பிறந்த நாளிலிருந்து பார்க்கிறாள். எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்கிறான், பசித்தால் எப்படிச் சொல்கிறான், யாரைக் கண்டால் ஒதுங்குகிறான், ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். இவ்வளவு தெரிந்தவளிடம் மதிப்பீட்டுக்கு முன்னும் பின்னும் முறையாகக் கேட்டு எழுதிக்கொள்ளும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் வரவில்லை. வயதில் மூத்தவன் என்ற உரிமையில் இதை மதிப்பிடுகிறவர்களுக்கும் சொல்கிறேன், பெற்றவர்களுக்கும் சொல்கிறேன்.

நான் பாகூர் கொம்யூன் பகுதியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகளை மதிப்பீட்டுக்கு அழைத்துப் போகும் தாய்மார்களுக்குத் துணையாகப் போய்வருவது இப்போது என் வேலையாகிவிட்டது. எங்கள் பிள்ளையார்குப்பம், புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் இருக்கிறது. ஊரிலேயே மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்துக் கிருமாம்பாக்கத்தில் இன்னொரு மருத்துவக் கல்லூரி. கோரிமேட்டுக்குப் போனால் ஜிப்மர். மருத்துவர் இல்லை, தூரம் அதிகம் என்று சொல்லி எங்கள் மக்கள் தப்பிக்க முடியாது. அவர்களைத் தடுப்பது வேறு. படித்தவர்கள் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு எதிரே தாங்கள் சொல்லும் பேச்சுக்கு மதிப்பு உண்டு என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை.

உண்மையில் அந்த மேசையில் அவர்கள் பேச்சுக்கு இருக்கும் எடை கொஞ்சநஞ்சமல்ல. வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் வைன்லேண்ட் என்ற ஊரின் பயிற்சிப் பள்ளியில் இருந்த எட்கர் டால் 1935-இல் வெளியிட்டது. அதை நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றியவர் நாக்பூரில் இருந்த மாலின். இன்றும் அறிவுசார் குறைபாட்டுக்குச் சான்று கொடுக்கும்போது அறிவுத்திறன் சோதனையோடு இதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். இந்த அளவுகோலில் பிள்ளையிடம் கேள்வி கேட்பதில்லை. அவனை நன்றாக அறிந்தவரிடம், பெரும்பாலும் தாயிடம், கேட்டு நிரப்புகிறார்கள். தானே சாப்பிடுவானா, தானே உடுத்துவானா, தானே குளிப்பானா, தெருவில் தனியாகப் போய்வருவானா என்று போகும். அவள் சொல்லும் ஒவ்வொரு பதிலும் கடைசியில் ஓர் எண்ணில் போய்ச் சேருகிறது. சான்றிதழில் ஏறும் விழுக்காட்டுக்கு அந்த எண்ணும் ஓர் அடிப்படை.

இதை எந்தத் தாயிடமும் யாரும் விளக்கிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஏதோ விசாரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் பதில் சொல்கிறாள்.

"கடைக்குத் தனியா போய்ட்டு வருவானாம்மா?" என்று ஒரு முறை கேட்டார்கள். "போமாட்டான் சார்" என்றாள் தாய். முடியாது என்று குறித்துக்கொண்டார்கள். வெளியே வந்த பிறகு நான் கேட்டேன், "ஏம்மா, ஒரு தடவை கூட அவன் போனதில்லையா?" அவள் சொன்னாள்: "நான் எங்கங்க ஐயா அனுப்பினேன்? கடை ரோட்டுக்கு அந்தாண்ட இருக்குது. பஸ்ஸும் லாரியும் போற போக்கப் பாத்தா எனக்கே தாண்டப் பயமா இருக்குது. தெருவுக்குள்ள எங்க மாமியார் வூட்டுக்குக் குழம்பு எடுத்துக்கிட்டுப் போய்க் குடுத்துட்டு, பாத்திரத்த வாங்கிட்டு வருவான்."

கடலூர் சாலையில் ஒரு பத்து வயதுப் பிள்ளையை அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. பிள்ளைக்கு முடியவில்லையா, தாய் விடவில்லையா என்பது இரண்டு வேறு செய்திகள். தாளில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. "அனுப்பிப் பார்த்திருக்கிறீர்களா?" என்று இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்விக்கு நேரமில்லாதபடி வாசலில் கூட்டம் நின்றது. அங்கிருந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே நாளில் அத்தனை பிள்ளைகளைப் பார் என்று ஏற்பாடு செய்வதுதான் தவறு.

இதற்கு மறுபுறமும் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு பையன், கரும்பு வயலில் அப்பாவோடு நின்று எந்த மடையைத் திறந்தால் எந்தப் பாத்திக்குத் தண்ணீர் போகும் என்று அறிந்து திருப்பிவிடுகிறான். மேய்ச்சலுக்குப் போன ஆடுகளில் ஒன்று குறைந்தாலும் சொல்லிவிடுகிறான். இதைக் கேட்கும் வரி படிவத்தில் இல்லை. கேட்காததால் பெற்றவர்களும் சொல்வதில்லை. அவனை எங்கிருந்து தொடங்கிப் படிப்பிக்கலாம் என்பதற்கு அந்த மடையும் ஆடும்தான் வழி என்பேன்.

நம் சென்னையிலேயே இதைப் புரிந்துகொண்டு ஓர் அளவுகோல் செய்தார்கள். பேராசிரியர் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறையில் 18 துறைகள், மொத்தம் 360 செயல்கள். ஒவ்வொரு செயலும் பிள்ளையால் செய்ய முடிந்ததைக் கேட்கும் விதமாக எழுதப்பட்டிருக்கிறது. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய செயல்கள் என்பதால் பள்ளிப்படிப்பு இல்லாத தாயும் பதில் சொல்லலாம், சிறப்பாசிரியர் சொல்லும் பதிலோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். பிறகு 1989-இல் சென்னையில் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், சிறு குழந்தைகளுக்கான பயிற்சியில் தாயையும் கூடவே உட்கார வைத்தது. பெற்றவர்களைச் சேர்த்துக்கொள்வது எங்கோ வெளிநாட்டில் மட்டும் நடக்கிற காரியம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டில் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். அமெரிக்கா 1975-இல் கொண்டுவந்த சட்டத்தின் வழியில், பிள்ளையின் தனிக் கல்வித் திட்டத்தை முடிவு செய்யும் குழுவில் பெற்றவர்களும் உறுப்பினர்கள். பிரிட்டனில் மேரி வார்னாக் தலைமையிலான குழு 1978-இல் கொடுத்த அறிக்கை பெற்றோரைப் பங்காளிகள் என்றே அழைத்தது. இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதப்படும் திட்டத்தில் முதல் பகுதியே பிள்ளையும் பெற்றோரும் என்ன நினைக்கிறார்கள், என்ன விரும்புகிறார்கள் என்பதுதான். வரைவு வீட்டுக்கு வரும். படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாள் கொடுக்க வேண்டும்.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. அதன் 17-ஆம் பிரிவு, பள்ளிப் பிள்ளைகளை ஐந்தாண்டுக்கு ஒரு முறை கணக்கெடுத்து, அவர்களுடைய சிறப்புத் தேவை என்ன, அது எவ்வளவு நிறைவேறியிருக்கிறது என்று கண்டறியச் சொல்கிறது. நிறைவேறியதா என்று பெற்றவர்களைக் கேட்காமல் எப்படித் தெரியும்? பள்ளி ஆசிரியர் பிள்ளையைச் சாயங்காலம் வரைதான் பார்க்கிறார். மற்றதெல்லாம் வீட்டுக்குத்தான் தெரியும்.

ஆனால் கேட்பது எளிதில்லை. மதிப்பீடு முடிந்த கையோடு, சான்றிதழ் இன்னும் தன் கையில் இருக்கும்போதே, "எல்லாம் திருப்தியாம்மா?" என்று அதே அதிகாரி கேட்டால் எந்தத் தாய் குறை சொல்வாள்? "நல்லாதான் சார் பாத்தாங்க" என்றுதான் வரும். எங்கள் மக்களுக்கு மரியாதை தெரியும், பயமும் தெரியும். குறை சொன்னால் பிள்ளைக்கு வர வேண்டிய உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற நடுக்கம் சாமானியமானதில்லை. அந்தத் தாளில் "திருப்தி" என்று எழுதி அடுக்கி வைப்பதால் யாருக்கும் பயனில்லை.

அதனால் கேட்கிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். மதிப்பிட்டவரோ, சான்று தருகிறவரோ கேட்கக் கூடாது. அங்கன்வாடி அம்மா கேட்கலாம், ஊரில் விவரம் தெரிந்த ஒரு பெண் கேட்கலாம். சான்று கைக்கு வந்து சில நாள் கழித்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வேலைக்குப் போகிறவள் திரும்பி வந்து அடுப்பு மூட்டும் நேரத்தில் போகாமல், அவளுக்குத் தோதான நேரம் பார்த்துப் போக வேண்டும். "எப்படி இருந்தது?" என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகத்தான் பதில் வரும். எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், அதுவரை பிள்ளை ஏதாவது சாப்பிட்டானா, அன்றைக்கு அவன் எப்போதும் போல இருந்தானா, புது இடம் கண்டு மிரண்டானா, உங்களைப் பேசவிட்டார்களா, தாளில் இருப்பதைத் தமிழில் படித்துச் சொன்னார்களா, மறுநாள் வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்று யாராவது சொன்னார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பாட்டி வளர்க்கும் பிள்ளை என்றால் பாட்டியைக் கேட்க வேண்டும். கம்பெனி வேலைக்குப் போகும் அப்பாவை விடுமுறை நாளில் பிடிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை போய், அந்த மதிப்பீட்டால் பிள்ளைக்கு வந்த மாறுதல் என்ன என்று கேட்க வேண்டும். இரண்டாம் முறை கிடைக்கும் பதில்தான் உண்மையான பதில் என்பது என் அனுபவம்.

கேட்டால் மட்டும் போதாது. கேட்டதை வைத்து என்ன செய்தோம் என்று திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு சிறப்பாசிரியை, காலையில் வந்து மதியம் வரை காத்திருக்கும் பிள்ளைகள் சோர்ந்து போய்விடுகிறார்கள் என்று தாய்மார்கள் சொன்னதைக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனி நேரம் குறித்துக் கொடுத்தார். குறித்துக் கொடுத்ததோடு நிற்காமல், "நீங்க சொன்னதாலதான் மாத்தினோம்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தத் தாய்மார்கள் வாய் திறந்து பேச ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருத்தி, தன் மகளுக்கு ஒரு காது சரியாகக் கேட்கவில்லையோ என்ற சந்தேகத்தை அப்போதுதான் முதல் முறையாக வெளியில் சொன்னாள்.

இனிப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. குறைபாட்டுக்கு நாற்பது விழுக்காடு என்ற கோடு உங்கள் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. அந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால்தான் பல உதவிகள் கிடைக்கும் என்பது உண்மைதான். அதற்காகப் பிள்ளைக்குத் தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லாதீர்கள். பெண் பிள்ளையாயிற்றே, நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கிறதே என்று தெரியாததைத் தெரியும் என்றும் சொல்லாதீர்கள். இரண்டிலும் நட்டம் பிள்ளைக்குத்தான். ஒரு பக்கம் அவனைத் தேவையில்லாத பாடத்தில் உட்கார வைப்பார்கள், மறு பக்கம் தேவையான உதவி வராமல் போகும்.

மதிப்பீட்டுக்குப் போவதற்கு முந்தின வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்குங்கள். எழுத வராவிட்டால் மூத்த பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். எப்போது நடந்தான், எப்போது பேசினான், வலிப்பு வந்ததா, எதைத் தானே செய்கிறான், எதில் நீங்கள் கை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று இருந்தால் போதும். வீட்டில் அவன் இயல்பாக விளையாடும்போதும் சாப்பிடும்போதும் செல்போனில் சிறு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மிரண்டு போய் வாய் திறக்காத பிள்ளைக்கு அந்த வீடியோ பேசும். அவனைத் தூங்க வைத்து, சாப்பிட வைத்து அழைத்துப் போங்கள். கேட்ட கேள்வி புரியாவிட்டால், "இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டரம்மா" என்று கேளுங்கள். நாங்கள் அனுப்பிப் பார்த்ததில்லை, செய்ய விட்டதில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். தாளின் நகல் கேட்டு வாங்குங்கள், அதில் இருப்பதைத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். படிப்பில் மட்டும் தடுமாறும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்று எட்டு வயதுக்குப் பிறகுதான் கொடுப்பார்கள். அதுவரை எதுவும் செய்யாமல் காத்திருக்க வேண்டும் என்று பொருள் இல்லை. பள்ளியில் சொல்லி இப்போதே தனிக் கவனம் கேளுங்கள்.

மதிப்பிடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் படிவத்தின் கடைசியில் பெற்றவர்கள் சொன்னது என்று ஒரு பகுதி சேருங்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள். அதற்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். ஒரு நாளைக்குப் பார்க்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை அதனால் குறையுமானால் குறையட்டும்.

ஊர்க்காரர்களுக்கும் இதில் வேலை உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களாக இருக்க வேண்டும், பாதி இடம் பெண்களுக்கு. வாய்ப்பு மறுக்கப்பட்ட, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். 2012-இல் செய்த திருத்தத்தால் மாற்றுத்திறன் பிள்ளைகளும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சேர்ந்துவிட்டார்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக் குழுவில் அப்படி ஒரு தாய் இருக்கிறாளா என்று இந்த வாரமே தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் அவளைச் சேர்க்கச் சொல்லுங்கள்.