பற்றுக்கோடு

வீடு கட்டுவோர் வாயிற்கதவிற் செலுத்தும் கருத்திற் காற்பங்கைத்தானும் படிக்கட்டின் கைபிடியிற் செலுத்துவதில்லை. கதவு வருவோர் கண்ணிற் படும். கைபிடியோ வீட்டாரின் கையில் மாத்திரமே படும். உறுதியாய் நிற்குங்காறும் அதனை ஒருவரும் நினையார். ஆட்டங் கண்டபின் ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாரும் நினைப்பர். எங்கள் இல்லத்துப் படிக்கட்டின் தூண்களையும் கிராதியையும் அண்மையிற் புதுப்பித்தபோது அறிந்துகொண்ட சிலவற்றை இம்மலரிற் கூற விழைகின்றேன்.

எங்களது வலிகாமத்திலுள்ள பாட்டனார் காலத்து மச்சு வீடு. மரப்படிகள் பதினான்கு. ஒருபுறம் சுவர்; மறுபுறம் முதிரையிற் கடைந்த கால்களும் கைபிடியும் முன்னர் இருந்தன. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது நாங்களும் தென்மராட்சிக்குச் சென்றோம். 1996 இல் மீண்டு வந்தபோது சுவர்கள் நின்றன, படிகளும் நின்றன. கதவுகளும் சாளரங்களும் கைபிடியும் இல்லை. அவை எவர் அடுப்பில் எரிந்தனவோ, எவர் குடிலுக்குத் தூணாயினவோ என்று என் தந்தையார் ஆராய முற்படவில்லை. “இடம்பெயர்ந்தவனுக்கும் விறகு வேணும்தானே” என்று சொல்லி அமைந்தார்.

அவர் பனஞ்சலாகைகளைக் கயிற்றாற் பிணித்து ஒரு தடுப்பு அமைத்தார். தொல்காப்பியர் மரபியலில் வகுத்தபடி பனை மரமன்று; வைரம் புறத்தே உள்ளமையால் அது புல்லினத்தைச் சேர்ந்தது. அந்தப் புல்லே ஏழாண்டு எங்களைக் காத்தது. 2003 இல் இரும்புக் குழாயாற் கிராதி செய்வித்தோம். செய்தவர் ஒவ்வொரு தூணையும் மூன்று சிறு திருகாணிகளாற் பலகையில் இணைத்துச் சென்றார். சில ஆண்டுகளிற் துரு ஏறியது, துளைகள் அகன்றன, தூண்கள் தளர்ந்தன.

என் அன்னையார் அந்த இரும்பை ஒருபோதும் நம்பியவரல்லர். கைபிடியின்றிக் கிடந்த நாளிலேயே சுவரைத் தடவி நடக்கப் பழகிவிட்டார். அவரது உள்ளங்கை பட்டுப்பட்டுச் சுண்ணச்சுவரில் ஒரு கருங்கோடு படிந்திருந்தது. மேல்மாடிச் சாளரத்திலிருந்து நோக்கினாற் கோயிற் கோபுரம் தெரியும். விடியலில் ஏறிச்சென்று அதனைக் கும்பிட்ட பின்னரே அவர் தேநீர் அருந்துவார். அவருக்கு இப்பொழுது எழுபத்தெட்டு வயது. சென்ற மாரியில் ஒருநாட் கால் வழுக்கிப் படியில் அமர்ந்துவிட்டார். கீழறைக்கு மாறிவிடுமாறு வீட்டார் வேண்டினோம். “ஏறேலாத நாள் வரட்டும், அப்ப பாப்பம்” என்றார். அவரது ஏற்றத்தைத் தடுப்பதினும் படிக்கட்டைத் திருத்துவதே முறையெனத் துணிந்தேன்.

வேலைக்கு வந்த தச்சாசாரியார் முதியவர், மிகப் பேசாதவர். தூண்களை அசைத்துப் பார்த்துவிட்டு, “மாஸ்ரர், பிடிக்கிறது மேலை, தாங்கிறது கீழை” என்றார். அதன் பொருளை வேலையாற் காட்டினார். 36 அங்குல உயரத்தில் ஒருவர் சாயும் பாரம், நெம்புகோல் போன்று இயங்கித் தூணின் அடியிற் பன்மடங்காகப் பெருகும். அதனை மூன்று திருகாணிகள் தாங்குவது எங்ஙனம்?

பழைய அடுக்களைக் கூரையிலிருந்து கழற்றி வைத்திருந்த முதிரை வளைகளை அவர் தெரிந்தெடுத்தார். பச்சை மரம் காயக் காயச் சுருங்கும். சுருங்கினாற் பொருத்துத் தளரும். நெடுநாட் காய்ந்த மரத்தில் அவ்வச்சம் குறைவு. படிகளைத் தாங்கும் பக்கப்பலகையின் நுனியிலே பழைய கழுந்து சிதையாதிருந்தது. அதற்கு இயையத் தூணிற் துளையிட்டுச் செருகி, மரமுளை அறைந்து, மரையாணியும் இட்டு இறுக்கினார். தூணின் அடியை ஈரந் தொடாவண்ணம் கருங்கல்லொன்றின்மேல் நிறுத்தினார்.

படிகளைச் சுரண்டியபோது முன்னைய கால்கள் நின்ற துளைகள் வெளிப்பட்டன. 10 அங்குல அகலமுள்ள படிக்கு ஒன்றே இருந்தது. அந்த இடைவெளியிற் சிறுகுழந்தை புகுந்துவிடும். சிறுவர் நடமாடும் படிக்கட்டுகளின் கிராதியில் 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருண்டை புகலாகாது என்பது இங்கிலாந்தின் கட்டட விதிகள் கூறும் அளவு. ஆசாரியார் விதிநூல் பார்த்திலர். என் இளைய மகளைக் கூப்பிட்டு, அவள் தலையைத் தம் விரல்களால் அளந்து, “படிக்கு ரெண்டு” என்றார். முன்னோர் துளையில் ஒன்றும் புதுத்துளையில் ஒன்றுமாகக் கால்கள் நின்றன. வேலை முடிந்ததும் தம் உடற்பாரம் முழுவதையும் கைபிடியிற் சாய்த்துப் பார்த்த பின்னரே கூலி பெற்றார்.

அன்னையாரோ அதன் பின்னரும் சுவரோரமாகவே நடந்தார். கைபிடியைப் பிடிக்குமாறு என் மனைவி இருமுறை சொன்னார். அவர் தலையசைத்துவிட்டுச் சுவரையே நாடினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, அவர் இறங்கி வரும்போது கீழேயிருந்து பேத்தி ஏதோ கேட்டாள். அவளுக்கு விடை கூறத் திரும்பியவரின் கை தானாகவே கைபிடியிற் சென்று படிந்தது. பிடித்தது அறியாமலே அடிப்படி மட்டும் பிடித்து வந்தார்.

தூண் நடுவதற்கு ஒருநாட் போதும். கை அதனை நம்புவதற்கு அதற்குரிய காலம் வேண்டும். அதனை ஏவி வருவித்தல் இயலாது. வகுப்பறையிலும் இதனைக் காண்கின்றேன். இளமையிலேயே இழப்பைக் கண்டு, சுவரோரமாய் நடக்கப் பழகிய பிள்ளைகள் நம்மிடம் வருகின்றனர். நீட்டிய கையை அவர்கள் உடனே பற்றுவதில்லை. ஆசிரியர் செய்யத்தக்கது அடியை உறுதியாய் ஊன்றி நிற்றலே.

வீட்டில் முதியோரும் சிறாரும் உள்ள அன்பர்கள் தத்தம் படிக்கட்டின் அடித்தூணை இன்றே ஒருமுறை அசைத்துப் பார்ப்பார்களாக.