சனிக்கிழமை பேருந்தில் ஓர் ஊறுகாய் ஜாடி

மங்களூர் என்றதும் பலருக்கும் கர்நாடகக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். கடலூர் மாவட்டத்திலும் ஒரு மங்களூர் உண்டு. கடலும் துறைமுகமும் இல்லாத மங்களூர் அது. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமை இடம். 2006 தேர்தல் வரை சட்டமன்றத் தொகுதிக்கே அந்தப் பெயர்தான் இருந்தது. 2011-ல் தொகுதி திட்டக்குடி என்று மாறிவிட, வெளியூரில் பிழைக்கப் போன இந்தப் பக்கத்து ஆட்கள், "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், "தொழுதூர் பக்கம்" என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள்.

விருத்தாசலத்திலிருந்து மேற்கே வேப்பூர் வழியாகப் போனால் நிலம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைப் பேருந்து ஜன்னலிலேயே பார்க்கலாம். மணிமுத்தாற்றை ஒட்டி நெல்லும் கரும்பும் இருக்கும். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையைத் தாண்டியதும் மக்காச்சோளமும் பருத்தியும் தொடங்கிவிடும். வெள்ளாற்றுத் தண்ணீரைத் தொழுதூர் அணைக்கட்டில் திருப்பி, வெலிங்டன் ஏரியில் தேக்குகிறார்கள். அந்தப் பாசனம் ஏரிக்குக் கீழே உள்ள ஊர்களுக்கு. மேட்டுப் பக்கத்தில் பல ஊர்கள் வானம் பார்த்த பூமிதான். ஆடியில் உழுது, புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கிற ஊர்கள்.

ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் இந்தத் தடத்துப் பேருந்தில் ஒரு குடும்பம் ஏறுகிறது. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். கையில் ஒரு கட்டைப்பை. போகும்போது அதில் காலி ஜாடி இருக்கும். திங்கட்கிழமை விடியற்காலையில் திரும்பும்போது அது நிறைந்திருக்கும்.

படைப்புழு அனுப்பிய ஊர்

இந்தக் குடும்பத்துக்கு மங்களூர் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் இரண்டு ஏக்கர் கொல்லை இருக்கிறது. 2018-ல் அமெரிக்கப் படைப்புழு மக்காச்சோளத்தில் இறங்கியபோது, பெரம்பலூர், கடலூர் பக்கத்தில் பல கொல்லைகளில் குருத்து சல்லடையானது. இவர்களுடைய கொல்லையும் அதில் ஒன்று. இரண்டு முறை மருந்தடித்தும் போட்ட முதல் வரவில்லை. அடுத்த தை மாதம் கணவனும் மனைவியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். அம்மா மட்டும் இரண்டு ஆடுகளோடு ஊரில் இருந்தார்.

மூன்று ஆண்டுகள் ஓடின. ஓர் ஐப்பசி மழையில் அம்மா வாசல்படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் அடி. தீப்பெட்டி கேட்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் பார்க்கிற வரை ஈரத்திலேயே கிடந்தார். சேதி திருப்பூருக்குப் போய், சேலம், ஆத்தூர் வழியாக மகன் வந்து சேர்ந்தபோது மறுநாள் விடிந்துவிட்டது. எலும்பு முறியவில்லை. ஆனால் அந்த இரவு மகனையும் மருமகளையும் விடவில்லை. முறிந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இருவரும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டார்கள்.

முதலில் அம்மாவைத் திருப்பூருக்குக் கூட்டிப் போனார்கள். லைன் வீட்டில் ஒரே அறை. காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிவிட்டால் பேச ஆள் இல்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம் தெரியாது. வடகம் காயவைக்க மொட்டை மாடிக்குப் போனால் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். பத்தொன்பதாம் நாள் அம்மா துணிப்பையைக் கட்டிவிட்டார். "ஆத்துல போட்டுட்டுக் குளத்துல தேடுற கதையா இருக்குடா. என்னை ஊர்ல கொண்டுபோய் விடு" என்றார்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இந்தப் பழமொழி சொந்தக் கதை. சுந்தரர் தனக்குக் கிடைத்த பொன்னை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது தலபுராணம். சுந்தரருக்குக் கிடைத்தது, நமக்குக் கிடைக்குமா என்பதுதான் அம்மாவின் கேள்வி.

இருவர் போட்ட நிபந்தனை

ஊருக்கே திரும்பிவிடலாம் என்றான் மகன். மருமகள் ஒப்புக்கொள்ளவில்லை. அத்தை மேல் கோபம் எதுவும் இல்லை. திருப்பூரில் ஐந்து நாள் கூலி தவறாமல் தன் கையில் வாங்கிப் பழகியவர் அவர். மழை பெய்தால்தான் காசு என்ற நிலைக்குத் திரும்பவும் போக மனம் வரவில்லை. பிள்ளைகளின் படிப்பும் இருக்கிறது. "பக்கத்துல வரலாம். ஆனா எனக்கும் ஒரு வேலை இருக்கணும்" என்றார்.

அம்மாவும் ஒரு நிபந்தனை போட்டார். கொல்லையை விற்கக் கூடாது. பங்காளிக்கு வாரத்துக்கு விட்டாவது வைத்திருக்க வேண்டும்.

இரண்டு நிபந்தனைக்கும் நடுவில் கிடைத்த ஊர்தான் விருத்தாசலம். பெரியவர்கள் விருத்தகாசி என்று சொல்லும் கோயில் ஊர். ரயில் சந்திப்பு. இவற்றோடு, பீங்கான் தொழிலும் அங்கே இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண் பக்கத்திலேயே கிடைப்பதால் வளர்ந்த தொழில் இது. செராமிக் தொழிற்பேட்டையும், அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் அரசுக் கல்வி நிலையமும் ஊரில் உண்டு. சின்னச் சின்னப் பட்டறைகளில் அகல் விளக்கு, கொலு பொம்மை, சாமி சிலை, மின்சாரத்துக்கான பீங்கான் உருப்படிகள் எல்லாம் செய்கிறார்கள்.

மருமகளுக்கு அப்படி ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. களிமண், வெள்ளைக்கல் மாவு எல்லாம் சேர்த்த குழம்பை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் களிமண் தோல் போலப் படியும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, காய்ந்ததும் அச்சைப் பிரித்தால் பொம்மை. அதன் பிசிறை நீக்கி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது இவர் வேலை. அதன் பிறகு மெருகுக் குழம்பில் தோய்த்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுடுவார்கள். மகனுக்கு ஒரு கடையில் சுமை ஏற்றி இறக்கும் வேலை. இரண்டு பேர் சம்பளத்தையும் கூட்டினால் திருப்பூரில் வாங்கியதைவிடக் குறைவு. மாசக் கடைசியில் கை கடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அம்மா போன் எடுக்கவில்லை என்றால் இப்போது அன்று மாலைக்குள்ளேயே போய்விட முடிகிறது.

தட்டிப் பார்த்த மருமகள்

அம்மாவிடம் ஒரு பழைய ஜாடி இருந்தது. மேலே பழுப்பு, கீழே வெள்ளை. கல்யாணமான வருடம் விருத்தாசலம் மாசி மகத்துக் கடையில் வாங்கியது. நாற்பது வருடமாக அதில்தான் மாங்காய் ஊறுகாய். இரண்டு வருடமாக மட்டும் அதில் போட்டது கெட்டுப்போகிறது. மேலே வெள்ளையாகப் பூஞ்சை படர்கிறது. "கைப்பக்குவம் போயிடுச்சு. வயசாயிடுச்சு இல்ல" என்று அம்மா தன்னையே நொந்துகொண்டிருந்தார்.

பட்டறைக்குப் போக ஆரம்பித்த மூன்றாவது மாதம் மருமகள் அந்த ஜாடியைக் கையில் எடுத்து விரலால் சுண்டினார். நல்ல பீங்கான் கிண்ணென்று மணி போல ஒலிக்கும். இது தொம்மென்றது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். வெளிப்பக்கம் உப்பு பூத்திருந்தது. உப்புத் தண்ணீர் விரிசல் வழியாகக் கசிந்திருக்கிறது. கழுவும் தண்ணீரும் அதிலேயே தங்கி, அந்த ஈரம்தான் பூஞ்சைக்கு இடம் கொடுத்திருக்கிறது.

"அத்தை, உங்க கை கெட்டுப்போகல. ஜாடிதான் கெட்டுப்போச்சு."

அம்மா ஒன்றும் பேசவில்லை. ஜாடியை வாங்கித் தானும் சுண்டிப் பார்த்தார். திரும்பவும் சுண்டிப் பார்த்தார். அன்று மாலை மருமகளுக்குப் பிடித்த மல்லாட்டைத் துவையல் அரைத்தார்.

அடுத்த சனிக்கிழமை புது ஜாடி வந்தது. பழையதை அம்மா தூக்கிப் போடவில்லை. ஈரமில்லாத சாமான்களுக்கு அது போதும் என்று விதைத் துவரை வைத்துக்கொண்டார்.

ஆயா சொல்லும் பக்குவம்

திங்கட்கிழமை பையில் நகரத்துக்குப் போவது ஊறுகாயோடு நிற்பதில்லை. அதோடு பக்குவமும் சேர்ந்து போகிறது. பிள்ளைகள் ஆயா சொன்னதைக் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஊறுகாய் போடும் முன் ஜாடியைக் கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு தணல்மேல் சிறு துண்டு பெருங்காயம் போட்டு, எழும் புகைமேல் ஜாடியைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். மாங்காய் நூறு பங்குக்கு உப்பு 15 பங்குக்குக் குறையக் கூடாது. எண்ணெய் எப்போதும் மாங்காய்க்கு மேலே நிற்க வேண்டும். மரக்கரண்டிதான் போட வேண்டும், அதிலும் ஈரம் ஆகாது. வாயை வெள்ளைத் துணியால் கட்ட வேண்டும்.

புளியைக் கொட்டை, நார் நீக்கி வெயிலில் காயவைத்து, ஓர் அடுக்கு புளி, ஒரு கைப்பிடி கல்லுப்பு என்று மண்பானையிலோ ஜாடியிலோ அமுக்கி வைக்க வேண்டும். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிக்கும் ஊறுகாய்க்கும் ஆகாது. புளிப்பு உலோகத்தை அரிக்கும். பொம்மைக் கடையில் அழகுக்காக விற்கும் வர்ணம் பூசிய பாத்திரமும் ஆகாது. வர்ணத்திலும் மெருகிலும் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது தெரியாது. சமையலுக்கு என்றே விற்பதைக் கேட்டு வாங்க வேண்டும். இந்தக் கடைசி வரி மருமகள் சேர்த்தது.

துவரையை உடைக்கும் முன் ஊறவைத்து, செம்மண் குழைத்துப் பிசறி, இரவு முழுக்கக் குவித்து வைத்து, வெயிலில் காயவைத்துத் திருகையில் போட்டால் தோல் சுலபமாகக் கழலும். விதைக்கு வைப்பதானால் வேறு பக்குவம். வேளாண்மைப் பல்கலைக்கழகம் 100 கிலோ பயறு விதைக்கு 1 கிலோ ஊக்குவிக்கப்பட்ட களிமண் தூள் கலக்கச் சொல்கிறது. நுண்ணிய களிமண் வண்டின் உடல்மேல் இருக்கும் மெழுகுப் பூச்சைக் கெடுத்துவிடும். உடம்பில் உள்ள ஈரம் வெளியேறி வண்டு காய்ந்து சாகும். அம்மா காலம் காலமாகச் சாம்பலைக் கலந்ததும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் மகன் கண்டிப்பாக இருந்தான். யாரோ சொன்னார்கள் என்று அம்மா மூட்டைக்குள் வைக்க வண்டு மாத்திரை வாங்கி வைத்திருந்தார். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை அது. அதிலிருந்து கிளம்பும் நச்சுக் காற்று, படுத்துத் தூங்கும் ஆளையே கொன்றுவிடும். ஆட்கள் புழங்கும் வீட்டுக்குள் அதை வைக்கவே கூடாது. விளக்கிச் சொன்னதும், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சித்திரை வெயிலில் தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு எல்லாம் பிசைந்து, பகலில் காயவைத்து, மாலையில் திரும்பப் பிசைந்து உருட்ட வேண்டும். ஈரம் போகிற வரை தினமும் இதேதான். கடைசியில் விளக்கெண்ணெய் தடவி உருட்டி வைத்தால் அடுத்த கோடை வரை வரும். அதற்கு மொட்டை மாடி வேண்டியதில்லை. அம்மா வீட்டு வாசலே போதும்.

இன்னும் முடியாத கணக்கு

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. வாரத்தில் ஐந்து இரவு அம்மா தனியாகத்தான் இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறார்கள். வாசல்படியைச் சொரசொரப்பாகக் கொத்தி, பிடித்து இறங்க ஒரு குழாய் நட்டிருக்கிறார்கள். விளக்கு வைத்ததும் அம்மா ஒரு போன் செய்ய வேண்டும் என்பது பேச்சு. மறந்தால் பேரன் கூப்பிடுவான். இன்னும் வயதானால் என்ன செய்வது என்பதை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. கொல்லையில் வாரத்துக்கு விட்ட பங்காளி இந்த வருடம் உளுந்து போட்டிருக்கிறார்.

பக்கத்தில் வந்து குடியேற நினைக்கும் குடும்பங்கள் முதலில் வீட்டில் எல்லோரையும், மருமகளையும் சேர்த்து, உட்காரவைத்து அவரவருக்கு எது இல்லாமல் முடியாது என்று கேட்டுவிடுவது நல்லது. ஒரே கூரை கிடைக்காவிட்டாலும் ஒரே பேருந்துத் தடம் கிடைக்கலாம்.

திங்கட்கிழமை விடியற்காலை. இருட்டு பிரியவில்லை. மருமகள் ஜாடியைப் பழைய புடவைத் துணியில் சுற்றிப் பையின் நடுவில் வைக்கிறார். அம்மா அதை வெளியே எடுத்து, ஒருமுறை சுண்டி, ஒலி கேட்டபின் திரும்ப வைக்கிறார். இப்போது அது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.